ரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபி ஆய்வுகள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இப்போது நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில், வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல குடும்பங்கள் முதலில் போய் நிற்பது சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அங்கோ, சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலோ, சிகிச்சை தொடங்கும் முன் “ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் சேர விருப்பமா?” என்று மருத்துவர் கேட்கக்கூடும். கேட்ட நேரத்துக்கும் கையெழுத்துப் போடும் நேரத்துக்கும் நடுவே குடும்பத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறோம். குறிப்பிட்ட நோயாளிக்கு எது ஏற்றது என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ரத்தப் புற்றுநோயில் அப்படி எதைத்தான் ஆராய்கிறார்கள்?

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. லுக்கேமியா (எலும்பு மஜ்ஜையிலும் ரத்தத்திலும் தோன்றுவது), லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் தோன்றுவது), மல்டிபிள் மைலோமா (மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா அணுக்களில் தோன்றுவது) என்று பெரும் பிரிவுகளும், அவை ஒவ்வொன்றுக்குள்ளும் பல வகைகளும் உண்டு. ஒரு வகையைக் குணப்படுத்தும் மருந்து இன்னொரு வகையில் பயனற்றுப் போகலாம். அதனால் ஒவ்வோர் ஆய்வும் குறுகலான ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது: இந்த வகை நோயில், இந்த வயதினருக்கு, இந்த மருந்தை இந்த அளவில், இத்தனை சுற்று கொடுத்தால் என்ன ஆகும்?

ஆய்வு என்றதும் புது மருந்து என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கும் ஆய்வுகளும் ஏராளம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த ‘ஏ.பி.வி.டி.’ என்ற சிகிச்சை நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. அதில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. இரண்டு சுற்றுக்குப் பின் எடுக்கும் பெட் ஸ்கேனில் நோய் அடங்கியிருந்தால் அந்த மருந்தை விட்டுவிடலாமா என்று பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. அதில் 1,200-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டுப்பட்டது. நிறுத்தியவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு குறைந்தது. இப்படி ஒரு மருந்தைத் துணிந்து விட்டுவிடுவதற்கும் ஆய்வு வேண்டியிருக்கிறது.

இப்போது எல்லோருக்கும் கொடுக்கும் கீமோ மருந்துகள் எப்படி வந்தன?

அவையும் ஆய்வு வழியாகத்தான் வந்தன. 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லுக்கேமியா வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த நோயைச் சில வாரங்களுக்கு அடக்கக்கூட எந்த மருந்தும் இருந்ததில்லை. அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். நம் பாடப்புத்தகங்கள் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம். அமினாப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் லுக்கேமியா சிகிச்சையில் தவறாமல் இடம்பெறுகிறது.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து, நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1963-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. (இலையைப் பறித்து மென்றால் அதே பலன் கிடைக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். செடியில் மருந்து மிகமிகச் சிறிய அளவிலேயே இருக்கிறது. கூடவே வேறு நச்சுப் பொருள்களும் இருக்கின்றன.) இம்மருந்துகளைத் தனித்தனியாகவும், பிறகு இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் சேர்த்து, ஆய்வுமேல் ஆய்வாக நடத்தியதன் பலனாகத்தான், 1960-களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்காத நோயில் இன்று வசதிமிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இடையில் ஏதோ ஓர் ஆண்டில் யாரோ ஒருவர் கண்டுபிடித்த ஒற்றை மருந்தால் நடந்ததன்று இது. ஒவ்வோர் ஆய்வும் முந்தையதைக் காட்டிலும் ஓர் அடி எடுத்துவைத்தது, சில பின்னோக்கியும் சறுக்கின.

வேலூரில் நடந்த ஆய்வு எதனாலாவது உலகத்துக்குப் பயன் உண்டா?

உண்டு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்றொரு வகை இருக்கிறது, சுருக்கமாக ஏ.பி.எல். என்பார்கள். ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்து, மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக் கசிவை உண்டாக்கிச் சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. 1980-களின் இறுதியில் ஷாங்காய் மருத்துவர்கள், வைட்டமின் ஏ-வின் உறவுப் பொருளான ‘அட்ரா’ என்ற மாத்திரையால் இந்நோய் தணிவதைக் காட்டினார்கள். அதன் பிறகு அட்ராவுடன் கடுமையான கீமோவும் சேர்த்துக் கொடுப்பது உலக வழக்கமானது. ஆனால் அந்தச் செலவைத் தாங்க முடியாத நோயாளிகள் நம் நாட்டில் மிகப் பலர். அத்தகைய கீமோவால் வெள்ளை அணுக்கள் குறையும் காலத்தில் வரும் கிருமித்தொற்றைச் சமாளிப்பதும் பெருஞ்செலவு.

சீனாவின் ஹார்பின் நகரத்தில் ஆர்செனிக் டிரைஆக்சைடு இந்நோய்க்கு வேலை செய்வதை ஏற்கெனவே கண்டிருந்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லப்படும் பொருள்தான் அது. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறையினர், விக்ரம் மாத்யூஸ், மாம்மென் சாண்டி உள்ளிட்டோர், 1998 முதல் 2004 வரை புதிதாக ஏ.பி.எல். கண்டறியப்பட்ட 72 பேருக்குப் பெரும்பாலும் இந்த ஒரே மருந்தை வைத்துச் சிகிச்சை அளித்துப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. தணிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிலை நீடித்தது. 2006-இல் இம்முடிவுகள் வெளியாயின. கைக்கெட்டும் செலவில் என்ன செய்யலாம் என்ற கேள்வி, பணக்கார நாட்டு ஆய்வுக்கூடங்களில் எளிதில் எழாத கேள்வி. அதை இங்கிருந்து கேட்டதுதான் அந்த ஆய்வின் சிறப்பு என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் அதில் இரண்டு பிரிவுகளை வைத்து ஒப்பிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பீடு பின்னர் ஐரோப்பாவில் நடந்தது. 2013-இல் வெளியான இத்தாலிய, ஜெர்மன் மருத்துவர்களின் ஆய்வில், ஆபத்து குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள ஏ.பி.எல். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அட்ராவும் ஆர்செனிக்கும், மறு பிரிவினருக்கு அட்ராவும் கீமோவும் தரப்பட்டன. இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமலும் உயிரிழப்பு இல்லாமலும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 97 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 86 விழுக்காடு. இன்று இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பழைய கீமோவே தேவைப்படுவதில்லை.

அப்படியானால் பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்தை வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. மருத்துவமனையில் இந்த மருந்து துல்லியமாக அளந்து, நரம்பு வழியாக மெதுவாக ஏற்றப்படுகிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது கெடுக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி.யும், ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளும் அடிக்கடி பார்க்கப்படுகின்றன. மூச்சுத்திணறலும் காய்ச்சலும் உடல் எடை ஏறுதலுமாக ஒரு தொகுப்பான பாதிப்பு வந்தால் உடனே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும். மேலும் இது ஏ.பி.எல். வகைக்கு மட்டும் நிறுவப்பட்ட மருந்து. மற்ற லுக்கேமியாக்களுக்கு அல்ல.

முதல் கட்டம், மூன்றாம் கட்டம் என்கிறார்களே, எதில் சேரச் சொல்கிறார்கள் என்பது முக்கியமா?

மிகவும் முக்கியம், கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். முதல் கட்ட ஆய்வு, மருந்தை எந்த அளவு வரை பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பதைத் தேடுகிறது. வழக்கமாக மூன்று மூன்று பேராகச் சேர்த்து, கடும் பாதிப்பு வராவிட்டால் அடுத்த மூவருக்கு அளவைச் சற்றுக் கூட்டிக்கொண்டே போவார்கள். வழக்கமான சிகிச்சைகளெல்லாம் பயன்படாமல் போனவர்களைத்தான் பெரும்பாலும் இதற்கு அழைப்பார்கள். சேருபவருக்குப் பலன் கிடைக்கலாம், ஆனால் பலனை எதிர்பார்த்து அமைக்கப்பட்டதன்று அந்த ஆய்வு. இரண்டாம் கட்டத்தில் குறிப்பிட்ட நோயில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் இப்போதைய சிறந்த சிகிச்சையோடு அதை நேருக்கு நேர் ஒப்பிடுகிறார்கள். நான்காம் கட்டம், மருந்து விற்பனைக்கு வந்த பின் நடக்கும் கண்காணிப்பு.

யாருக்கு எந்த மருந்து என்று கணினி குலுக்கிப் போடுமாம். உயிர் விஷயத்தில் குலுக்கலா?

கேட்பதற்கு மனம் ஒப்பாத விஷயம்தான். ஆனால் மருத்துவரே தேர்ந்தெடுத்தால், திடகாத்திரமானவர்களுக்குப் புதுச் சிகிச்சையையும் தளர்ந்தவர்களுக்குப் பழையதையும் அறியாமலே கொடுத்துவிடுவார். பிறகு புதியது நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். இது கற்பனையான அச்சம் அல்ல. தீவிர லிம்ஃபோமாக்களுக்கு 1970-களிலிருந்து ‘சாப்’ என்ற நான்கு மருந்துச் சேர்க்கை வழக்கத்தில் இருந்தது. அடுத்த தலைமுறைச் சேர்க்கைகள் பல, ஆறு மருந்து, எட்டு மருந்து என்று வந்தன. தனித்தனியாக நடத்திய சிறு ஆய்வுகளில் அவை சாப்பைவிட வெகுவாக மேம்பட்டவை என்று தோன்றியது. அமெரிக்காவில் 899 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கி ஒப்பிட்டு 1993-இல் முடிவை வெளியிட்டபோது, மூன்றாண்டில் உயிரோடிருந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. பக்கவிளைவால் இறந்தவர்கள் சாப் பிரிவில் குறைவாகவே இருந்தார்கள். அதிக மருந்து என்றால் அதிகப் பலன் என்று மருத்துவர்களும் நம்பியிருந்த காலம் அது.

அதே சாப்போடு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது கதை மாறியது. 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரிடம் பிரான்ஸ் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், முழுமையாக நோய் தணிந்தவர்கள் 63 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காடாக உயர்ந்தார்கள். எது மேல் என்று மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாத நிலையில் மட்டுமே குலுக்கல் நியாயமாகும். ஒன்று மேல் என்று முன்பே தெரிந்துவிட்டால் அதை மறுத்து ஆய்வு நடத்தக் கூடாது.

மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்களா?

தீவிர லுக்கேமியாவில் சிகிச்சையின்றி வெற்று மாத்திரையை மட்டும் தருவது நடக்காது, ஆய்வு முறையானதா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிக்குழு அதை அனுமதிக்காது. வழக்கமான சிகிச்சையோடு புது மருந்தை ஒரு பிரிவுக்கும், வெற்று மாத்திரையை மறு பிரிவுக்கும் சேர்த்துத் தரும் ஆய்வுகள் உண்டு. அப்படி இருந்தால் நீங்கள் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

“சோதனை எலி ஆக்கிவிடுவார்கள், போகாதே” என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லையா?

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. விவரம் சொல்லாமல் ஏழை நோயாளிகளை ஆய்வுகளில் சேர்த்ததாக எழுந்த புகார்கள் 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றன; அதன் தொடர்ச்சியாகவே விதிகள் இறுகின. இப்போது நடப்பில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள். இவற்றின்படி, பதிவு பெற்ற நெறிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வைத் தொடங்க முடியாது. அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத்துறை சாராத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாராகவே இருக்க வேண்டும்.

தமிழ் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பத்து வயதுப் பையனுக்கும் யார் கையெழுத்துப் போடுவது?

படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பமானாலும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பமானாலும், ஜார்க்கண்டிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ காட்பாடியில் ரயிலிறங்கி வந்தவரானாலும் அந்த உரிமை ஒன்றுதான். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதும் வாசித்து விளக்கி, அவர் கைரேகையும் சாட்சியின் கையெழுத்தும் பெற வேண்டும். மகனோ மருமகனோ “நான் பார்த்துக்கொள்கிறேன், ரேகை வை ஆத்தா” என்று முடித்துவிடுவது நம் ஊரில் சகஜம். அது சம்மதம் ஆகாது.

குழந்தைகளுக்குப் பெற்றோர் சம்மதம் தருவார்கள். ஏழு வயதைக் கடந்த குழந்தையிடமும் அதன் வயதுக்கேற்ப விளக்கி இசைவு கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் அதை எழுத்திலும் பெற வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்ப மருத்துவரிடம் காட்டிவிட்டு மறுநாள் வந்து சொல்வதாகக் கேட்பதில் தவறே இல்லை. தீவிர லுக்கேமியாவில் மட்டும் அவகாசம் குறைவாக இருக்கலாம்.

எல்லாமே இலவசமா?

ஆராயப்படும் மருந்துக்கும், ஆய்வுக்காக மட்டும் கூடுதலாக எடுக்கும் பரிசோதனைகளுக்கும் நோயாளி பணம் தரும்படி இருக்கக் கூடாது. ஆனால் ஆய்வில் சேராவிட்டாலும் ஆகியிருக்கும் செலவுகள், அதாவது படுக்கைக் கட்டணம், வழக்கமான கீமோ, ரத்தத் தட்டணுக்கள், கிருமி எதிர்ப்பு மருந்துகள் போன்றவை, பல ஆய்வுகளில் நோயாளியின் பொறுப்பிலேயே விடப்படுகின்றன. மருந்து நிறுவனம் நடத்தும் ஆய்வுக்கும், மருத்துவர்களே நடத்தும் கல்விசார் ஆய்வுக்கும் இதில் பெரிய வேறுபாடு உண்டு. எந்தெந்தச் செலவு யாருடையது, போக்குவரத்துப் படி உண்டா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால்?

காரணம் எதுவாயினும், ஆய்வின்போது உடலுக்குப் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் காலம் வரையோ, பாதிப்பு ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை. கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் மேலிடங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இழப்பீடு உண்டு. அதைக் கணக்கிடும் சூத்திரத்தின் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும் சேரும்போது இருந்த நோயின் தீவிரத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். நோய் தானாக முற்றி இறந்தால் இழப்பீடு இல்லை. ரத்தப் புற்றுநோயில் இவ்விரண்டையும் பிரித்தறிவதே பல வேளைகளில் சிக்கலாகிவிடுகிறது. அதனால்தான் முடிவை மருத்துவரிடம் மட்டும் விடாமல் நெறிக்குழுவும் அரசும் ஆராய்கின்றன.

ஜவ்வாது மலையிலிருந்து வருகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து போனால் போதாதா?

ஆய்வுக்கு மட்டுமல்ல, எந்தக் கீமோவுக்கும் பொருந்தும் கேள்வி இது. கீமோ ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. கிருமி எதிர்ப்பு மருந்து நரம்பில் ஏறத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. மலையிலிருந்து இரவில் வண்டி பிடித்து இறங்குவது நடக்கிற காரியமல்ல. அந்த நாள்களில் மட்டுமாவது வேலூரில் உறவினர் வீட்டிலோ, மருத்துவமனையை அடுத்த விடுதிகளிலோ தங்குவது நல்லது. ஆய்வில் சேர்ந்தால் பரிசோதனைக்கு வர வேண்டிய நாள்கள் இன்னும் கூடும். அறுவடைக் காலத்திலோ பீடிக்கூலி விட்டுப்போகும் நாள்களிலோ அது குடும்பத்துக்குப் பெரும் சுமை. முழு அட்டவணையையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஆய்வு நடக்கும்போது கசாயம் குடிக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சாப்பிட வேண்டாம். நிலவேம்பு, கீழாநெல்லி, லேகியம், ஊர் மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். ஆங்கில மருந்துகளுக்குள்ளேயே மோதல் உண்டு: பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல் போன்ற மருந்துகள் வின்கிரிஸ்டினோடு சேர்ந்தால் நரம்புப் பாதிப்பும் கடும் மலச்சிக்கலும் அதிகமாகும். சில வலி மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட்டை உடலிலேயே தேக்கிவிடும்.

இடையில் வேண்டாம் என்று விலகினால் கோபித்துக்கொள்வார்களா?

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆனால் சொல்லாமல் வராமலிருப்பது வேறு. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதால் நேரில் சொல்லி, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு விலகுங்கள்.

நடப்பது உண்மையான ஆய்வுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆய்வுகளைப் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கி, ஆண்டு, மாதம், வரிசை எண் என்று அமையும். அதைக் கேட்டு வாங்கி இணையத்தில் தேடினால் ஆய்வின் நோக்கம், நடக்கும் மருத்துவமனைகள், நெறிக்குழு ஒப்புதல் எல்லாம் தெரியும். பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. எண் தரத் தயங்குபவரிடம் கையெழுத்துத் தர வேண்டாம்.

ஆய்வு முடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார்களா?

மருந்தால் பலன் கண்ட நோயாளிக்கு வேறு சிகிச்சை இல்லை என்று மருத்துவர் பரிந்துரைத்து, நெறிக்குழுவும் ஒப்புக்கொண்டால், நிறுவனம் அதை இலவசமாகத் தொடர்ந்து தர 2019 விதிகள் வழி செய்கின்றன. தானாகக் கிடைத்துவிடாது, இதற்கான வரி படிவத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் விலை என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கான இமாட்டினிப், 1,106 பேர் சேர்ந்த ஓர் ஆய்வில், 18 மாதங்களில் 76 விழுக்காட்டினருக்கு நோயின் குரோமோசோம் அடையாளத்தையே மறையச் செய்தது. பழைய ஊசிச் சிகிச்சையில் அது 14.5 விழுக்காடுதான். பழைய சிகிச்சையில் பலன் காணாதவர்கள் புதியதற்கு மாறிக்கொள்ளவும் அந்த ஆய்விலேயே வழி வைத்திருந்தார்கள். இமாட்டினிப்பின் ஒரு வடிவத்துக்கான காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை பன்மடங்கு குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கிறது. எல்லாப் புது மருந்துக்கும் இப்படி நடந்துவிடுவதில்லை. ஆகவே, ஆய்வு வெற்றி பெற்றால் அம்மருந்து இங்கே எந்த விலைக்கு வரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லாவிட்டாலும், கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது நெறிக்குழுவின் காதுக்குப் போகும்.